லிண்டா வோல்ஸ்டெட்

லிண்டா வோல்ஸ்டெட் அமெரிக்கக் கல்லூரி மகளிர் கோல்ஃப் பயிற்சியாளராக இருந்தவர். இவர் 1980 முதல் 2001 வரை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். இவரது அணி 1990, 1993, 1994, 1995, 1997, 1998 ஆகிய ஆறு ஆண்டுகளில் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது.

அக்காலத்தில் இப்போட்டியில் ஓர் அணியில் ஐவர் ஆடினர். ஒவ்வொரு சுற்றிலும் சிறப்பாக ஆடிய நால்வர் எடுத்துக்கொண்ட அடிகள் மட்டுமே அணிக் கணக்கில் சேர்ந்தன. குறைந்த மொத்தம் கொண்ட அணி வென்றது. எனவே ஒரு வீராங்கனையின் திறமை மட்டும் பட்டம் தராது. வோல்ஸ்டெட்டின் அணி வென்ற ஆறு ஆண்டுகளில், தனிநபர் பட்டமும் அவரது மாணவியருக்குக் கிடைத்தது இருமுறைதான்: 1994இல் எமிலி க்ளைன், 1995இல் கிறிஸ்டெல் மூர்க் டால்க். மாறாக, 1999இல் அவரது மாணவி கிரேஸ் பார்க் தனிநபர் பட்டம் வென்றபோது, அணிப் பட்டம் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது.