பின்லாந்துப் பிள்ளைகளின் பகலும் பள்ளி உணவும்



கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு நம் அண்ணாமலையின் உச்சியில் கொப்பரைச் சுடர் எழுந்ததும், ஊரில் வீடுதோறும் அகல்விளக்குகள் ஒளிரத் தொடங்குகின்றன. ஏறத்தாழ அதே பருவத்தில், டிசம்பர் 6ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு, வட ஐரோப்பாவிலுள்ள பின்லாந்து நாட்டு மக்கள் தம் வீட்டுச் சாளரங்களில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைக்கின்றனர். 1917இல் ரஷ்யப் பேரரசின் பிடியினின்று நீங்கி, அந்நாடு தன் விடுதலையை அறிவித்த நாள் அது.

விளக்கின் அருமை அந்நாட்டுச் சிறுவர்க்கு நம்மினும் நன்கு தெரியும். திருவண்ணாமலையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்திற்குள் அடங்கிவிடும். அந்நாட்டுத் தலைநகராகிய ஹெல்சிங்கியிலோ, டிசம்பர்த் திங்களின் கடைசியில் பகற்பொழுது ஆறு மணி நேரத்திற்கும் குறைவு. ஜூன் திங்களில் ஏறத்தாழப் பத்தொன்பது மணி நேரம். வடகோடி ஊர்களில் குளிர்காலத்தில் ஏழு வாரங்கள் கதிரவன் எழுவதே இல்லை. ஆதலால் காலையில் இருளிலேயே பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகள் அங்கே பலர். வண்டியோட்டுவோர் கண்ணில் படுமாறு, ஒளியைத் திருப்பி வீசும் சிறு வில்லையொன்றை மேலங்கியில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பர்.

வீட்டு வாயிலிலேயே காலணியைக் கழற்றிவிடுவர். இவ்வகையில் அவர்கள் நமக்கு உறவினரே. 'சௌனா' என்னும் ஆவிக்குளியல் அவர்கள் வாழ்வோடு ஒன்றியது. மரப்பலகையால் அமைந்த சிற்றறையில் அடுப்பின்மீது கற்களை அடுக்கிச் சூடேற்றி, அவற்றின்மேல் நீர் தெளிப்பர். எழும் ஆவியில் வியர்க்க வியர்க்க அமர்ந்திருந்துவிட்டு, அருகில் ஏரியிருப்பின் அதில் குதிப்பதும் உண்டு. நம் சித்திரை வெயிலில் வாழ்வோர்க்கு இதன் சுவை எளிதில் விளங்காது! முற்காலத்தில் பிள்ளைப்பேறும் அவ்வறையிலேயே நிகழ்ந்தது. ஏறக்குறைய 55 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் சௌனாக்கள் 30 இலட்சம் இருக்கும் என்பர்.

பள்ளியில் வாழ்நாளைக் கழித்த என் மனத்தை ஈர்ப்பது, இவை யாவற்றினும், அங்குள்ள பள்ளி உணவே. அதன் வரலாறு வியப்பானது. 1943இல் பின்லாந்து சோவியத்து நாட்டோடு போர் புரிந்துகொண்டிருந்தது. உணவோ பங்கீட்டு அட்டையில்தான் கிடைத்தது. அந்த வறுமைக் காலத்திலேயே, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் விலையின்றி உணவளிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினர். ஆயத்தம் செய்துகொள்ள ஐந்தாண்டுத் தவணை தந்து, 1948இல் அதனை முழுமையாக நடைமுறைப்படுத்தினர். பள்ளி நேரம் போக எஞ்சிய வேளையில், பள்ளிச் சமையலுக்காகக் காய்கிழங்கு பயிரிடவும் காட்டுப் பழங்களைச் சேர்க்கவும் பிள்ளைகளை ஏவலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. காடு யாருக்கு உரியதாயினும், அங்கே பழம் பறிக்க எவர்க்கும் தடையில்லை. தொடக்கக் காலத்தில் பள்ளியில் கஞ்சியும் சூப்பும் தந்தனர். ரொட்டியையும் பாலையும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தனர்.

நம் மாநிலத்திலும் 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பரவிற்று. 1982இல் சத்துணவுத் திட்டமும், 2022இல் காலை உணவுத் திட்டமும் வந்தன. இவற்றால் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எண்ணிறந்தோர். ஆயினும் ஒன்று என் நெஞ்சை உறுத்துகிறது. தட்டேந்தி வரிசையில் நின்றால் ஏழை என்று தோழர் எண்ணுவரே என்று கூசி, "பசிக்கவில்லை ஐயா" எனச் சொல்லி, வேப்பமரத்தடியில் தனியே அமர்ந்திருந்த மாணவனை நான் அறிவேன். வீட்டுச் சோறு ஒரு புறம், பள்ளிச் சோறு மறுபுறம் என்று இரு பந்திகள் அங்கே தாமாக அமைந்துவிட்டன.

பின்லாந்தில் அவ்வாறு இரு பந்திகள் இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாள் பிள்ளையும் ஒரே உணவைத் தாமே தட்டில் இட்டுக்கொண்டு உண்கின்றனர். ஆசிரியரும் உடன் அமர்கிறார். உண்ணும் முறையும் பாடத்தின் ஒரு பகுதியென்றே கருதுகின்றனர். ஏழு வயதில் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு மேனிலைப் படிப்பு முடியும்வரை இவ்வுணவு உண்டு. உருளைக்கிழங்கு, மீன் அல்லது இறைச்சி, பச்சைக் காய்கறி, மொறுமொறுப்பான தானிய ரொட்டி, பால் ஆகியவை வழக்கமானவை. வியாழக்கிழமைகளில் பட்டாணிச் சூப்பு தருவது பழைய மரபு. அதன் பின்னர்த் தடித்த அப்பம் வரும். அதன்மேல் காட்டுப் பழப் பாகைத் தடவி உண்பர்.