'என் இனிய இயந்திரா' பிடிக்காத வாசகர்

தமிழில் நகைச்சுவையும் அறிவியலும் கலந்த புனைகதை என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனில் நாடகமாகி, 'மீண்டும் ஜீனோ' என்னும் தொடர்ச்சியையும் பெற்றது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைச் சொல்லி மகிழாத வாசகர் அரியர். அவ்வரியவருள் இக்கட்டுரையாளரும் ஒருவர். இத்தகையோரைப் பார்த்து, நகைச்சுவை உணர்வு இல்லாதவர் என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு போதாது என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் களங்களாக எள்ளல், பேதைமை, மடன், இளமை ஆகிய நான்கைக் கூறுகிறது. வியப்பாகிய மருட்கைக்குச் சொல்லப்பட்ட நான்கனுள் ஒன்று புதுமை. அறிவியல் நகைச்சுவை நாவல் இவ்விரு மெய்ப்பாடுகளையும் நம்பி நிற்கிறது: வருங்காலத்தின் புதுமை வியக்க வைக்கும், எள்ளல் சிரிக்க வைக்கும். படிப்பவர்க்கு அது புதுமையாக இல்லாவிடின் என்ன ஆகும்?

நாவலின் உலகம் 2021ஆம் ஆண்டு இந்தியா. ஆட்சி ஜீவா என்பவனின் கையில். குடிமக்களுக்கு எண்ணும் இரண்டெழுத்துப் பெயரும் அரசு தருவன. நிலா, சிபி, ரவி, மனோ எல்லாம் அவ்வாறு வந்த பெயர்களே. பிள்ளை பெற அனுமதி வேண்டும். ஆயுளின் எல்லையையும் அரசே வகுக்கிறது. காணாமற்போன கணவனைத் தேடும் நிலாவுக்கு, வீட்டில் குடிவந்த ரவியின் நாய் ஜீனோ துணையாகிறது. அது நூல் படிக்கும், துடுக்காகப் பேசும்.

இனி மலாக்காவுக்கு வருவோம். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டது முதல், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின. அங்கே தமிழர் வாழ்வு விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதோடு தொடங்கியது. அந்தப் பெயரும் கிராணியின் செவிக்கு எட்டியவாறு எழுதப்பட்ட பெயர்தான். குடியுரிமை இல்லாதவர் கையில் சிவப்பு அடையாள அட்டை. 1969இல் அத்தகையோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல்லாயிரவர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். ஓய்வு வயது வந்ததும் லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும். மூப்பு என்பது வீடிழக்கும் நாளின் பெயர். இன்றும் இம்மாநிலத்தில் பிறந்தவரின் அடையாள எண் நடுவில் 04 என்னும் இரு இலக்கத்தைத் தாங்கி நிற்கிறது. (அது குற்றமன்று, ஆயினும் 'எண்ணிடப்பட்ட மனிதர்' என்பதைக் கற்பனை என்று நாம் வியக்க இயலாது.)

ஆகவே இம்மண்ணில் வளர்ந்த ஒருவர்க்கு இந்நாவலில் மருட்கை தோன்றாமல் இளிவரல் தோன்றுவது இயல்பு. இளிவரலின் களங்களுள் முதலாவதாகத் தொல்காப்பியம் வைப்பது மூப்பையே.

துன்பத்தை எள்ளிச் சிரிப்பது தோட்டப்புறத்துக்கு அயலானதன்று. கங்காணியையும் கிராணியையும் கேலி செய்யும் நாட்டுப்புறப் பாடல்கள் மலேசியத் தமிழரிடையே நிறைய உண்டு. அங்கே எள்ளுபவர் பெரட்டில் நின்றவர். எள்ளப்படுபவர் பெயர் கூப்பிட்டவர். சுஜாதாவின் நாவலிலோ, சிறந்த நகைமொழிகளெல்லாம் ஜீனோவுக்கே உரியன. பிள்ளைப்பேற்றுக்கு அனுமதி கேட்க வேண்டாத, மூப்பும் இல்லாத ஒன்று எள்ளுகிறது. இரண்டையும் சுமக்கும் நிலா பெரிதும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நூலை மூடியபின் பலர்க்கும் நாய் நினைவிருக்கிறது, நிலா மங்கிவிடுகிறாள். வெறுப்பு இந்த இடத்தில் பிறக்கிறது.

ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. டக்ளஸ் ஆடம்ஸ் 1979இல் வெளியிட்ட 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி', புறவழிச்சாலைக்காக ஒருவன் வீட்டை இடிக்க வருவதில் தொடங்கி, அதேபோன்ற காரணத்துக்காகப் பூமியே அழிவதைக் காட்டிச் சிரிக்க வைக்கும். உலகெங்கும் நேசிக்கப்படும் நூல். தோட்டம் கைமாறி லயங்கள் இடிபடக் கண்டவர் அத்தொடக்கத்தை வேறு முகத்தோடு படிப்பார்.

சுஜாதா கொடுங்கோன்மைக்குப் பரிந்து எழுதினார் என்பது இதன் பொருளன்று. நாவல் அதனை எதிர்த்தே நிற்கிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், இயந்திரம் சிந்திப்பதைப் பள்ளி மாணவரும் தொடரும் எளிய தமிழில் சொன்னது பெரும்பேறு. அதற்காக நூலை நேசிப்பவரோடு எமக்கு வழக்கில்லை. மீண்டும் படிக்க நேர்ந்தால், ஜீனோ பேசும் பக்கங்களில் அருகிலிருக்கும் நிலா என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதையும் ஒருமுறை கவனிக்கலாம்.