குழந்தை ஐ.சி.யூ-வில்... கதவுக்கு வெளியே நிற்கும் அம்மா, அப்பா என்ன செய்யணும்?

நேத்து சாயங்காலம் வரைக்கும் சிரிச்சு விளையாடிட்டிருந்த நாலு மாசக் குழந்தை. ரெண்டு நாளா லேசா மூக்கொழுகல், அவ்வளவுதான். 'சளிதானே' என்று தூங்கவைத்தீர்கள். ராத்திரி 2 மணிக்குப் பால் கொடுக்க எடுத்தால், வாய் வைக்கவே மாட்டேன் என்கிறது. வயிறு வேகவேகமாக ஏறி இறங்குகிறது. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், கொஞ்ச நேரத்திலேயே ''அட்மிஷன் போட்டுடலாம்மா, ஐ.சி.யூ-ல வெச்சுப் பார்க்கணும்'' என்கிறார் டாக்டர். நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். கதவு மூடுகிறது. உங்கள் கையில் மிச்சம் இருப்பது குழந்தையைச் சுற்றியிருந்த துண்டு மட்டும்.

அந்த நிமிஷத்தில் எல்லா பெற்றோருக்கும் தோன்றுவது, 'இனி நம்ம கையில எதுவும் இல்லை' என்பதுதான். அது உண்மையில்லை. வைத்தியம் பார்ப்பது டாக்டர்களின் வேலை. ஆனால், இந்தக் குழந்தையைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்கள் நீங்கள்தான். அந்தக் கதவுக்கு வெளியேயும் உங்களுக்கு வேலை இருக்கிறது. அது என்னவென்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடாது. ஆனால், பயத்தோடு நிற்கத் தெம்பு வரும்.

சாதாரண சளி ஐ.சி.யூ வரை போவது எப்படி?

கைக்குழந்தைகளைத் திடீரென ஆஸ்பத்திரியில் சேர்க்க வைக்கும் நோய்களில் முக்கியமானது 'பிராங்கியோலைட்டிஸ்'. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி என்ற வைரஸால் வருகிறது. பெரியவர்களுக்கும் ஸ்கூல் போகிற அண்ணன், அக்காக்களுக்கும் இதே வைரஸ் வெறும் ஜலதோஷமாக வந்துபோகும். கைக்குழந்தையின் நுரையீரலில் இருக்கும் கடைசிக் காற்றுக்குழாய்கள் ரொம்பவே மெல்லியவை. அவற்றின் உட்சுவர் கொஞ்சம் வீங்கி, கூடவே சளியும் சேர்ந்தால் காற்று போக வழி கிடைக்காது. மூச்சு வாங்கவே முழு சக்தியும் போய்விடுவதால், குழந்தையால் பால் உறிஞ்ச முடியாது.

இந்த நோய் பொதுவாக 3 முதல் 5-வது நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். அதனால், முதல் நாள் பார்த்த டாக்டர் 'சளிதான்' என்று சொன்னதும் சரி, நாலாவது நாள் பார்த்த டாக்டர் 'அட்மிட் பண்ணுங்க' என்று சொன்னதும் சரி. நீங்கள் கவனிக்காமல் விட்டதாக அர்த்தமில்லை. நோய் நகர்கிற வேகம் அப்படி.

இதெல்லாம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்!

* குழந்தை அழாமல், அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு.

* மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிவது, முனகல் சத்தம்.

* வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்காதது. 6 முதல் 8 மணி நேரமாக ஒன்றுக்குப் போகாதது.

* எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூச்சு விட்டுவிட்டு வருவது, உதடோ நாக்கோ நீலம் பாய்வது.

* 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல். வேறு அறிகுறியே இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூச்சு நிற்பது, நீலம் பாய்வது, துவண்டுபோவது இருந்தால் பைக்கில் கிளம்பாதீர்கள், 108-ஐ அழையுங்கள். நடுவில், 'மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு', 'நெஞ்சுல கற்பூரம் தடவு', 'தொக்கம் எடுத்துட்டு வந்துடலாம்' என்று யாராவது சொல்வார்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். கற்பூரம் கைக்குழந்தைக்கு விஷம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். ''டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுறோம்'னு சொல்லிட்டுக் கிளம்புங்க. வாக்குவாதத்துக்கு அது நேரமில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

முதல்முறை உள்ளே கூப்பிடும்போது, இத்தனை ஒயர்களுக்கு நடுவில் நம் குழந்தையா என்று கால் தளர்ந்துவிடும். ஒவ்வொன்றும் என்னவென்று தெரிந்தால் பாதி பதற்றம் குறையும். காலில் சிவப்பு லைட்டோடு சுற்றியிருப்பது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி. குழந்தை காலை உதைத்தால்கூட அது விலகி அலாரம் அடிக்கும். அதனால் மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்; சத்தம் வந்தால் முதலில் குழந்தையைப் பாருங்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். மூக்கில் இருக்கும் குழாய் ஆக்சிஜனுக்கு. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய டியூப் பால் கொடுக்க. கையில் இருக்கும் ஊசி, டிரிப்ஸுக்கு.

'இவ்ளோ சீரியஸ்னு சொல்றாங்க, ஆனா ஆன்டிபயாடிக்கே போடலையே' என்ற சந்தேகம் வரும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பாக்டீரியா தொற்றும் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால்தான் கொடுப்பார்கள். மூச்சுக்கு உதவி, உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது, மூக்கில் அடைக்கும் சளியை எடுப்பது... இதுதான் முக்கிய சிகிச்சை. மிச்சத்தைக் குழந்தையின் உடம்பே செய்யும். பெரும்பாலான குழந்தைகள் முழுசாகக் குணமாகிவிடுகிறார்கள்.

உங்கள் வேலை 1: எழுதுங்கள், கேளுங்கள்

தூக்கமில்லாத மூளையில் எதுவும் நிற்காது. போனில் ஒரு நோட் ஆரம்பியுங்கள். எப்போது சளி ஆரம்பித்தது, என்ன மருந்து எத்தனை சொட்டு கொடுத்தீர்கள், குறைமாதப் பிரசவமா, கடைசித் தடுப்பூசி எப்போது, எதற்காவது அலர்ஜி உண்டா... ஒவ்வொரு டியூட்டி டாக்டரும் இதையேதான் கேட்பார்கள்.

ரவுண்ட்ஸ் வரும்போது மூன்று கேள்வி போதும். 'நேத்தைவிட இன்னைக்கு எப்படி இருக்கு?', 'இன்னைக்கு என்ன பண்ணப்போறீங்க?', 'எது நடந்தா நாங்க உங்களை உடனே கூப்பிடணும்?' புரியவில்லை என்றால், 'இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்' என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். ராத்திரி 3 மணிக்கு கூகுளிடம் கேட்பதைவிட அது நல்லது. 'எம் புள்ள எப்பவும் இப்படி இருக்க மாட்டான்' என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

உங்கள் வேலை 2: பாலும் தொடுதலும்

குழந்தை குடிக்காத நாளிலும் பால் சுரக்க வேண்டும். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கையாலோ பம்ப்பாலோ எடுத்து, பெயரும் நேரமும் எழுதி நர்ஸிடம் கொடுங்கள். டியூப் வழியாகக் கொடுக்க முடிந்தால் கொடுப்பார்கள். டென்ஷனில் பால் வருவது குறையலாம், அது தற்காலிகம்தான். அம்மாவுக்குச் சாப்பாடும் தண்ணீரும் நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்பது அப்பாவின் வேலை.

கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, 'தொடலாமா சிஸ்டர்?' என்று கேளுங்கள். தலையில் ஒரு கை, காலில் ஒரு கை. வீட்டில் எப்படிக் கொஞ்சுவீர்களோ அதே குரல். அத்தனை அந்நியச் சத்தங்களுக்கு நடுவில் குழந்தைக்குத் தெரிந்த ஒரே சத்தம் அதுதான்.

உங்கள் வேலை 3: முறை வைத்துத் தூங்குங்கள்

ரெண்டு பேரும் சேர்ந்து விழித்திருப்பது பாசம் இல்லை; மூன்றாவது நாள் ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்துவிடுவீர்கள். ஒருவர் தூங்க, ஒருவர் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல சித்தி, மாமா என்று ஒரே ஆளை நியமியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். 'என்ன ஹெல்ப் வேணும்?' என்பவர்களிடம், 'ராத்திரி சாப்பாடு', 'பெரியவளை ஸ்கூல்ல விடணும்' என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி முதல் நாளே பேசுங்கள். ஒரு நாளைக்குத் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று கேட்பது தப்பே இல்லை. ஆபீஸ் இன்ஷூரன்ஸில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் உடனே கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இருந்தால், ஆஸ்பத்திரியும் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் வருமா என்று காப்பீட்டு கவுன்ட்டரில் விசாரியுங்கள். செலவு தாங்காது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ மாற்ற முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். நீங்களாகத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். வழியில் ஆக்சிஜனும் தெரிந்த ஆளும் கூட இருக்க வேண்டும்.

'என்னாலதான் ஆச்சோ?'

'ஐஸ் வாட்டர் குடிச்சிருப்பே', 'ஏ.சி-ல போட்டிருப்பே' என்று வார்டு வாசலிலேயே யாராவது ஆரம்பிப்பார்கள். அம்மா குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குச் சளி பிடிக்காது. வைரஸ் வந்தது இன்னொருவரின் இருமலிலிருந்தோ, கழுவாத கையிலிருந்தோதான். யார் என்று கண்டுபிடித்து ஆகப்போவது எதுவுமில்லை. இதை அம்மா சொல்வதைவிட, பக்கத்தில் நிற்கும் அப்பா சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு...

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்துவிடாது. இருமல் இன்னும் சில வாரம்கூட இருக்கலாம். எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், அடுத்த செக்கப் எப்போது, தள்ளிப்போன தடுப்பூசியை எப்போது போடலாம்... மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் சிகரெட் புகை வேண்டாம். சளி இருப்பவர்கள் கொஞ்ச நாள் வீடியோ காலில் கொஞ்சட்டும்.

ராத்திரி திடீர் திடீரென எழுந்து குழந்தையின் மூக்குக்கிட்ட விரலை வைத்துப் பார்ப்பீர்கள். இவ்வளவு பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது இயல்புதான். ஆனால், ரெண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், அது அம்மாவோ அப்பாவோ, டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழந்தை தூங்கும்போது ஒரு நிமிஷம் அதன் மூச்சை எண்ணிப் பாருங்கள். நல்லா இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், மாறும்போது உங்களுக்குத் தெரியும். டாக்டரிடம் நீங்கள் சொல்லப்போகும் முதல் தகவலும் அதுதான்.