புறப்பட்ட இடம் எது?

நாற்பது கணினிகள் இயங்கும் ஓர் அலுவலகத்தைக் கருதலாம். அனைத்தும் ஒரே திசைவியின் வழியாகவே இணையத்தை அடைகின்றன. ஒரு நாள் காலை, அங்கிருந்து அனுப்பிய ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படாமல் திரும்பி வருகிறது. ஊதியம் குறித்து வங்கிக்கு எழுதிய மடலும் அவ்வாறே திரும்புகிறது. அலுவலகத்தின் இணைய முகவரி தடைப்பட்டியலில் இருப்பதே காரணம் என்கிறது, மடலை மறுத்த அஞ்சல் வழங்கி. பணியாளர் எவரும் தவறு செய்யவில்லை. ஆயினும், ஆயிரக்கணக்கான போலி மருந்து விளம்பரங்கள் அந்த அலுவலகத்திலிருந்து இரவெல்லாம் வெளியேறியிருக்கின்றன. அனுப்பியவர் யார் என்பதைவிட, அனுப்பிய கணினி எது என்று வினவுவதே இங்குப் பொருந்தும்.

கேளாதவர்க்கு மொத்தமாக அனுப்பப்படும் அஞ்சலைக் குப்பை அஞ்சல் என்பர். ‘ஸ்பேம்’ என்பது உலக வழக்கு. 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், புதிய கணினிகளைக் காண வருமாறு ஆர்பாநெட் வலையமைப்பினர் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே அழைப்பை விடுத்தார். அதுவே முதல் குப்பை அஞ்சலாகக் கருதப்படுகிறது. அவர் தம்மை மறைத்துக்கொள்ளவில்லை. பின்வந்தோர் மறைத்துக்கொண்டனர், அதற்கு அஞ்சல் நெறிமுறையே இடம் தந்தது. 1982இல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறை, அனுப்புநர் பெயர் மெய்யா என வினவுவதில்லை. அஞ்சலட்டையில் எவர் பெயரையும் எழுதிப் பெட்டியில் இட்டுவிடலாம் அல்லவா? அதுபோன்றதே இது.

எனவே, அனுப்புநர் பெயரைக் கொண்டு தேடுவது வீண். மடலின் தலைப்பகுதியில் ‘ரிசீவ்டு’ எனத் தொடங்கும் வரிகள் ஓரளவு உதவும். மடலைப் பெறும் ஒவ்வொரு வழங்கியும், தனக்கு அது எம்முகவரியிலிருந்து எந்நேரத்தில் வந்தது என்பதை மேலே ஒரு வரியாகப் பொறிக்கிறது. கீழே உள்ள வரிகளை அனுப்பியவரே புனைந்திருக்கக்கூடும். பெறுநரின் வழங்கி தானே பொறித்த வரியை நம்பலாம். ஆனால், அது காட்டுவது அலுவலகத்தின் பொதுமுகவரியை மட்டுமே. 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகள் வெளியுலகில் செல்லா. திசைவி அவற்றை மாற்றித் தன் ஒற்றை முகவரியை இட்டு அனுப்புகிறது. இதனால், ஒரு கணினியின் குற்றத்துக்கு நாற்பதும் தண்டனை பெறுகின்றன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே தடைப்பட்டியலின் கணக்கு.

தேடல் இனி உள்ளிருந்தே தொடங்க வேண்டும். வழங்கிகள் தமக்குள் மடல் பரிமாறும் வாயில், 25ஆம் எண் போர்ட். பணியாளரின் கணினி தன் மடலை அலுவலக வழங்கியிடம் ஒப்படைக்கும்; அதற்கென 587ஆம் வாயில் 1998இலேயே வகுக்கப்பட்டது. சாதாரணக் கணினியொன்று அயலார் வழங்கிகளின் 25ஆம் வாயிலைத் தானே தட்ட வேண்டிய தேவை இல்லை. ஆகவே, அலுவலக அஞ்சல் வழங்கியைத் தவிர வேறெதுவும் 25ஆம் வாயிலுக்குச் செல்லக் கூடாது எனத் தீயரணில் விதி எழுதி, தடுக்கப்படும் ஒவ்வொரு முயற்சியையும் பதிவேட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். குப்பை அப்போதே நின்றுவிடும். நச்சுநிரலோ தடையை அறியாமல் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரே நிமிடத்தில் பல்வேறு வழங்கிகளை நாடும் உள்முகவரி பதிவேட்டில் தானே தலைகாட்டும். தடுத்துவிட்டுப் பதிவு செய்யாமல் விடுவோர் பலர். அவர்கள் நோயை அடைத்து வைக்கிறார்களேயன்றி அறிவதில்லை.

முகவரி கிடைத்துவிட்டது என்று எழுந்து சென்று ஒருவரைக் கடிந்துகொள்வது பெரும்பிழை. உள்முகவரிகள் பெரும்பாலும் நிலையானவை அல்ல. டிஎச்சிபி என்னும் முறையில், குறித்த கால அளவுக்கு வாடகைபோல் வழங்கப்படுகின்றன. நேற்று 37ஆம் எண்ணைப் பெற்றிருந்த கணினி வேறு. இன்று பெற்றிருப்பது வேறு. ஆதலால், குப்பை சென்ற நேரத்தில் அவ்வெண் எந்தக் கணினியிடம் இருந்தது என்பதை டிஎச்சிபி பதிவேட்டில் காண வேண்டும். இரு பதிவேடுகளின் கடிகாரங்களும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் முன்னதாகவே பார்த்தாக வேண்டும். சில நிமிட வேறுபாடுகூடக் குற்றமற்றவர் மீது பழி சுமத்தப் போதுமானது. பதிவேடு கணினியின் வன்பொருள் முகவரியைத் தரும். அம்முகவரி எந்தக் கம்பியின் முனையில் உள்ளது என்பதைச் சுவிட்ச் சொல்லும். கம்பியைப் பின்தொடர்ந்தால் மேசை தெரியும். கம்பியில்லா வலையில் இவ்வளவு தெளிவு கிட்டாது; இன்றைய கைப்பேசிகள் தம் வன்பொருள் முகவரியையும் மாற்றிக்கொள்கின்றன.

25ஆம் வாயில் அமைதியாக இருந்தும் குப்பை தொடர்வதுண்டு. அப்போது யாரோ ஒருவரின் கடவுச்சொல் களவு போய், அலுவலக வழங்கியின் வழியாகவே குப்பை செல்கிறது எனலாம். அதற்கான சான்று வழங்கியின் பதிவேட்டில், நள்ளிரவிலும் ஓயாமல் மடல் அனுப்பும் ஒரு பயனர் பெயராக இருக்கும். கடவுச்சொல்லை மாற்றி, ஒருவர் ஒரு மணி நேரத்தில் அனுப்பும் மடல்களுக்கு வரம்பு விதிப்பதே அதற்கு மருந்து.

குப்பை அனுப்பும் கணினியின் உரிமையாளர் ஏதும் அறியாதவராக இருப்பதே வழக்கம். கட்டளை தொலைவிலிருந்து வருகிறது. 2008ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், கலிபோர்னியாவைச் சேர்ந்த மெக்கோலோ என்னும் வழங்கி நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டபோது, உலகின் குப்பை அஞ்சல் பாதிக்கும் மேல் குறைந்தது. ஏவும் வழங்கிகள் அங்கே இருந்தன. ஏவப்பட்ட கணினிகளோ பல நாடுகளின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்தன. சில மாதங்களில் குப்பை மீண்டும் பெருகியது.

கண்டறிந்த கணினியை வலையிலிருந்து பிரித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும். அதன்பின் ஓரிரு நாள் பதிவேட்டைக் கவனிக்க வேண்டும். தடைப்பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் விண்ணப்பம் கடைசியில்தான். தூய்மை செய்யாமல் முந்திக்கொண்டால் முகவரி மீண்டும் பட்டியலில் ஏறும். முகவரி நீக்கப்பட்டதும், திரும்பி வந்த ஒப்பந்தப்புள்ளியை மறுபடி அனுப்பலாம், அதற்குள் கெடு முடிந்திராவிட்டால்.