தண்ணீர் போத்தலில் பெட்ரோல் வேண்டாம்

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் பழைய மினரல் வாட்டர் போத்தல் ஏதாவது இருக்கிறதா? புல்வெட்டும் இயந்திரத்திற்கு வாங்கிய பெட்ரோலோ, சாயத் தூரிகை கழுவும் தின்னரோ, மண்ணெண்ணெயோ அதில் இருக்கலாம். ஊற்றி வைத்தவருக்கு அது என்னவென்று தெரியும். பள்ளி முடிந்து தாகத்தோடு ஓடிவரும் பேரப்பிள்ளைக்குத் தெரியாது. இரவில் கண்ணாடி அணியாமல் தண்ணீர் தேடுபவருக்கும் தெரியாது.

தோட்டத்து லயங்களில் வளர்ந்த சிலருக்கு, மண்ணெண்ணெய் போத்தலின் வாயைக் காகிதச் சுருளால் அடைத்துவைத்த காலம் நினைவிருக்கும். அது எந்த மூலையில் இருக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த மூலைதான் அதற்கு லேபிள். இன்று வீட்டில் குடிதண்ணீரும் அதே மாதிரிப் போத்தலில்தானே இருக்கிறது?

லேபிளில் எதைப் பார்ப்பது?

மலேசியாவில் வேலையிடங்களுக்கு வழங்கப்படும் ஆபத்தான இரசாயனங்களின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. கடையில் நீங்கள் வாங்கும் தின்னர் டின்னிலும் பெரும்பாலும் இதே லேபிளைக் காணலாம். தமிழில் எழுதியிருக்காது. அதனால் படங்களைப் பாருங்கள். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்திற்குள் தீச்சுடர் இருந்தால் அது எளிதில் தீப்பற்றும். மனித உருவத்தின் மார்பில் வெள்ளை நட்சத்திரம் இருந்தால் உடலுக்குள் கடுமையான பாதிப்பு ஏற்படலாம். சுடரைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்துவிடும். நட்சத்திரத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. "பஹாயா" என்ற சொல் "அமாரான்" என்பதைவிடக் கடுமையான எச்சரிக்கை.

வேறு போத்தலுக்கு மாற்றினால் இந்த எச்சரிக்கைகள் அனைத்தும் பழைய டின்னோடு போய்விடும்.

எரிபொருளுக்கான கலன்

பெட்ரோலை, அதற்கென்றே செய்யப்பட்ட கலனில் மட்டும் வையுங்கள். தரச் சோதனைக்கு உட்பட்ட கலனின் உடலில், வட்டத்திற்குள் 'யூ', 'என்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பதிக்கப்பட்டிருக்கும். அதன் பின் வரும் 3எச்1 என்ற குறி பிளாஸ்டிக் ஜெர்ரி கேனையும், 3ஏ1 என்ற குறி எஃகுக் கேனையும் குறிக்கும். தயாரித்த ஆண்டும் அங்கேயே இருக்கும். ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்வதற்கான அனைத்துலக விதிகள் பிளாஸ்டிக் கேனுக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் மட்டுமே அனுமதிக்கின்றன. உங்கள் கேன் வெளுத்தோ வெடித்தோ இருந்தால் ஆண்டைப் பார்க்கவே வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள்.

நிரப்பும்போது கேனைத் தரையில் வையுங்கள். மோட்டார் சைக்கிளிலோ கார் பூட்டிலோ வைத்தபடி நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி எழக்கூடும். வெப்பத்தில் எரிபொருள் விரியும் என்பதால் விளிம்புவரை நிரப்ப வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்தில் உள்ள அடுப்பையும் சாமி விளக்கையும் எட்டிவிடும்.

யாராவது குடித்துவிட்டால்

இங்கேதான் நம் வீட்டு வைத்தியம் கெடுதல் செய்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், இளநீர் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயால் வயிற்றைவிட நுரையீரலுக்கே ஆபத்து அதிகம். வாந்தியோடு அது மேலே வரும்போது சிறிதளவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் கடுமையான நுரையீரல் அழற்சி வரலாம்.

நனைந்த உடையைக் கழற்றி, தோலைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். இருமல், மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், ஏனெனில் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். குடித்த போத்தலையும், கிடைத்தால் முதலில் இருந்த டின்னையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆலோசனைக்குத் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் அழைக்கலாம். எழுத்துச் சிறிதாக இருந்தால், லேபிளை வாசித்துச் சொல்லும்படி வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள்.