நேர்முகத் தேர்வுக்கு எதை உடுத்துவது?

வேலைக்கு மனுச் செய்த பெண்ணுக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் வினா பாடத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "எதை உடுத்திக்கொண்டு போவது?" என்பதே அவ்வினா. ஆண்களுக்கு இத்தொல்லை இல்லை. வெளிர்நிறச் சட்டையும் கருநிறக் காற்சட்டையும் போதும் என்று உலகம் அவர்களுக்கு எப்போதோ தீர்ப்பளித்துவிட்டது. பெண்ணுக்கோ புடவையா, சல்வார் கமீஸா, மேனாட்டு உடையா என்று மூன்று வழிகள் எதிரே கிடக்கின்றன. அத்தை ஒன்று சொல்ல, அண்டை வீட்டார் வேறொன்று சொல்ல, இறுதியில் கடன்பட்டுப் புதுப்புடவை வாங்குவதில் முடிகிறது பல குடும்பங்களின் ஆலோசனை.

பிற மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இதனோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினாலும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மாறவில்லை. அவர்களுடைய பெண்கள் 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும், மகளிருக்கென்றே 1983-இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் பயின்று வெளிவருகின்றனர். தேர்வுக் குழுவின் முன் அமரும்போது, தம் தோற்றமே தம்மை அயலார் என்று காட்டிவிடுமோ என்று அவர்களுள் சிலர் தயங்குவதை நாம் அறிவோம்.

இத்தயக்கம் தேவையற்றது. கொசுவத்தை முன்னே செருகித் தலைப்பை இடத்தோளில் இடும் கட்டு, ஆந்திர நாட்டோடு தொடர்புபடுத்தி 'நிவி' எனப்படுவது. இன்று தமிழ்ப் பெண்களுள் பெரும்பாலோர் உடுத்துவதும் அதுவே. நகரி, புத்தூர்ப் பகுதியின் தறிகள் எல்லையின் இருபுறத்தாருக்கும் நெய்கின்றன. புடவையில் நம்மைப் பிரிக்கும் வேலி ஏதும் இல்லை.

அவ்வாறாயின் எதை உடுத்துவது? இதற்கு விடை காணத் தமிழ்ப் பெண்மணி ஒருவரின் அனுபவம் உதவும். சென்னையில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பின்னர்க் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்திலும் பயின்ற இந்திரா நூயி, 1978-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். கோடை விடுமுறை வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்தது. ஏற்ற உடை கைவசம் இல்லை. மலிவுக் கடையொன்றில் 50 டாலர் கொடுத்துக் கோட்டும் காற்சட்டையும் வாங்கினார். அளவு பொருந்தவில்லை. தேர்வுக்கு வந்திருந்தோரின் பார்வை தம்மீது விழுந்ததைக் கண்டு அவர் வெட்கத்தால் குன்றிப்போனார்.

மாணவர்களின் வேலைவாய்ப்பைக் கவனித்த அம்மையார் அவரை நோக்கி, இந்தியாவில் இத்தகைய தேர்வுக்கு எதை அணிவாய் என்று வினவினார். புடவை என்றார் இவர். அடுத்த தேர்வுக்கு அதையே உடுத்துமாறு அம்மையார் அறிவுரை கூறினார். பூஸ் ஆலன் ஹாமில்டன் என்னும் ஆலோசனை நிறுவனத்தின் தேர்வுக்குப் புடவையிலேயே சென்றார், வேலை கிடைத்தது. பிற்காலத்தில், 2006 முதல் 2018 வரை, பெப்சிகோ நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக விளங்கியவர் இவரே.

இதைப் புடவையின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். 2021-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே கூறும் வேறு இரு செய்திகளையும் நாம் மறத்தலாகாது. பொருந்தாத உடையில் சென்ற முதல் நிறுவனமும் அவருக்கு வேலை தர முன்வந்தது. புடவையோடு ஏற்றுக்கொண்ட நிறுவனமோ, அக்கோடையில் அவரை வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லவில்லை. ஆக, உடை வேலையை வாங்கித் தருவதும் இல்லை. தகுதியுடையாரிடமிருந்து அதைப் பறித்துவிடுவதும் இல்லை. பின் உடை செய்வதுதான் என்ன? தேர்வு நடைபெறும் அரைமணி நேரத்தில் நம் கவனம் வினாவில் நிற்குமா, தோளிலிருந்து நழுவும் தலைப்பில் நிற்குமா என்பதை அது தீர்மானிக்கிறது. நாம் மறந்திருக்கக்கூடிய உடையே நேர்முகத் தேர்வுக்கு ஏற்ற உடை.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டால் பல ஐயங்கள் தாமே தீரும். கல்லூரிக்கு நாள்தோறும் சல்வார் கமீஸ் அணிந்து சென்றவர், தேர்வு நாளில் முதன்முதலாகப் புடவை கட்டிப் பார்த்தல் வேண்டா. அவ்வுடைக்கு மதிப்புக் குறைவோ என்று அஞ்சவும் வேண்டா. தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக மகளிர்க்கு 2019-இல் பிறப்பித்த அரசாணையே புடவையோடு சல்வார் கமீஸையும், துப்பட்டாவுடன் கூடிய சுரிதாரையும் ஏற்றுக்கொண்டது. துப்பட்டாவை இரு தோள்களிலும் ஊக்கிட்டு நிறுத்திவிட்டால் கை ஓயாமல் அதைத் தேடாது.

புடவையே பழக்கமானவர்கள் மெல்லிய கரையுள்ள, ஏற்கெனவே நான்கைந்து முறை உடுத்திய புடவையைத் தேர்ந்துகொள்க. திருப்பதிக்கு வடக்கேயுள்ள வேங்கடகிரியின் நூற்புடவை கோடைக்கு உகந்தது. ஆனால் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கஞ்சியிட்ட புடவையுடன் பேருந்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்து வந்தால், இறங்கும்போது கொசுவம் கசங்கிவிடும். கசங்காத கலப்பு நூற்புடவையோ, அரைமணி முன்னதாகச் சென்று சீர்செய்துகொள்ளும் வழக்கமோ இதற்கு மாற்றாகும். காளத்தியில் மூங்கில் எழுதுகோலால் வரையப்படும் கலங்காரி நம் வட்டாரத்தின் பெருமை. எனினும், பெரிய உருவங்கள் நிறைந்த துணி எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணை முகத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். சிறு பூவேலை உள்ளதே நலம்.

ரவிக்கையின் அளவை இருவாரங்களுக்கு முன்பே சரிபார்த்தல் வேண்டும். முந்திய நாள் மாலை முழு உடையையும் அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, எழுந்து, குனிந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தல் நன்று. தடை ஏதும் இருப்பின் அப்போதே தெரிந்துவிடும். ஓசையிடும் வளையலும் கொலுசும் அன்று ஓய்வெடுக்கட்டும். காலணி பழையதாயினும் துடைத்ததாக இருத்தல் வேண்டும்.

இடமறிதலும் தேவை. சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டி போன்ற தொழில் நகரங்களில், தேர்வின் நடுவே ஆலைக்குள் அழைத்துச் செல்வதும் உண்டு. ஓடும் எந்திரங்களின் அருகே தொங்கும் தலைப்பும் துப்பட்டாவும் ஆபத்தானவை. அங்கே காற்சட்டையும் சட்டையும், மூடிய காலணியும் பொருந்தும். கணினித் திரை வழியே நடைபெறும் தேர்வுக்கு நெருங்கிய கோடுகளும் கட்டங்களும் ஆகா. அவை திரையில் அலைவதுபோல் தோன்றும். ஒரே நிறத் துணி முகத்தைத் தெளிவாகக் காட்டும்.

திருமலையில் வழிபடச் செல்வோர்க்கு மரபுடை விதி உண்டு. அவ்விதியே திருப்பதியின் எல்லா அலுவலகங்களுக்கும் உரியது என்று எண்ணிக் குழம்புவோர் உளர். வழிபாட்டின் நெறி வேறு, உத்தியோகத்தின் நெறி வேறு. ஐயமிருந்தால், அழைப்பு அனுப்பிய அலுவலகத்தையே கேட்டுவிடலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். மகளின் தேர்வுக்காகக் கடன் வாங்கிப் பட்டு எடுக்காதீர்கள். மைய அரசு 2016 சனவரி முதல், 'இ' பிரிவுப் பதவிகளுக்கும் 'ஆ' பிரிவின் பதிவிதழ் சாராப் பதவிகளுக்கும் நேர்முகத் தேர்வையே நீக்கிவிட்டது. அவற்றுக்கு எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணே அளவு. நேர்முகம் நிலைத்துள்ள இடங்களிலும் குழுவினர் அறிய விரும்புவது பெண்ணின் அறிவையும் பொறுப்பையுமே. புடவைக்கென ஒதுக்கிய தொகையைப் புத்தகத்துக்கும், முந்திய நாளே ஊர் சேர்ந்து ஓரிரவு நன்றாக உறங்குவதற்கும் செலவிடுங்கள். துவைத்து இஸ்திரி போட்ட பழைய உடையோடு, கலங்காத மனத்தோடு உள்ளே செல்லும் பெண், கேட்ட வினாவுக்குக் குழுவினரை நேரே நோக்கி விடையளிப்பாள்.