250 வார்த்தைக்குள் இருக்குது பரிசு!

அறிவியல் கண்காட்சி வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளை உள்ள வீடு அமர்க்களப்படும். அப்பா தெர்மாகோல் வாங்க ஓடுவார். அண்ணன் ஒயர் இழுப்பான். அம்மா கலர் பேப்பர் ஒட்டுவார். எல்லாம் முடிந்த பிறகு பையன் தலையைச் சொறிவான்: "அப்பா, அப்ஸ்ட்ராக்ட் எழுதணுமாம்!"

உடனே அப்பாவே எழுதிக் கொடுப்பார். அங்கேதான் வினை!

நன்றி கூட கூடாது

அப்ஸ்ட்ராக்ட் என்றால் ஆய்வுச் சுருக்கம். நடுவர் முதலில் படிப்பது அதைத்தான். அமெரிக்காவில் 1950-ல் தொடங்கிய பிரபல மாணவர் அறிவியல் கண்காட்சியில் அது 250 வார்த்தையைத் தாண்டக் கூடாது. நன்றி சொல்லக் கூடாது. உதவிய பெரியவர் செய்த வேலையைச் சேர்க்கக் கூடாது. மாணவர் செய்தது மட்டும்தான்!

இங்கிலீஷ் வராதே என்ற நடுக்கம் வேண்டாம். நம் நாட்டில் 1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினையை ஆராய்ந்து தாய்மொழியிலேயே சொன்னார்கள்.

நாலே கேள்வி

ஏன் செய்தாய்? எப்படிச் செய்தாய்? என்ன கண்டாய்? அதனால் என்ன தெரிந்தது? இவ்வளவுதான். தண்ணீரின் பெருமையைப் பாடி, வள்ளுவரைத் துணைக்கு அழைத்து, பாதிப் பக்கத்தை வீணாக்க வேண்டாம்.

கொரட்டூர் மாணவி ஒருத்தி சொட்டுக் குழாயை ஆராய்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். இப்படி எழுதலாம்:

"எங்கள் பள்ளிக் குழாய் சொட்டுகிறது. எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று பார்த்தேன். 3 நாள், காலையும் மாலையும், அரை மணி நேரம் அளவுக் குவளையில் பிடித்தேன். சராசரி 250 மில்லி. இதே வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு 12 லிட்டர். வாஷர் மாற்றியதும் சொட்டு நின்றது. ராத்திரியில் அளக்கவில்லை."

கடைசி வரியைப் பாருங்கள். செய்யாததையும் மறைக்கவில்லை.

"ராத்திரி ஏன் அளக்கலே?" என்று நடுவர் கேட்டால், "ஸ்கூலைப் பூட்டிடுவாங்க சார்" என்று அவள் பட்டென்று சொல்வாள். அப்பா எழுதிக் கொடுத்த பிள்ளையோ திருதிருவென்று முழிக்கும்!

அப்பாமார்களே! தெர்மாகோல் வாங்கிக் கொடுங்கள். பேனாவை மட்டும் பிள்ளை கையிலேயே விட்டுவிடுங்கள்!